இருட்டடிப்பு

1970களின் செவ்ரோலே பிக்கப்பில் டேஷ்போர்டு விளக்குகள் அத்தனையும் ஒரே இரவில் அணைந்தால், உரிமையாளர் முதலில் பெட்டி நிறைய 194 ரகப் பல்புகளை வாங்கிவருவார். அத்தனை பல்புகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உயிர்விட்டன என்பது அவர் கட்சி. பல்பு ஒவ்வொன்றாகத்தான் போகும். மொத்தமாக இருண்டால் மொத்தத்துக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. அந்த இடம் ஹெட்லைட் சுவிட்சுக்குள் இருக்கும் டிம்மர். பீங்கான் வளையத்தில் சுற்றிய கம்பிச்சுருள், அதன்மேல் உரசும் ஒரு தகட்டு நாக்கு. பல வருடம் திருகாமலே கிடந்தால் உரசும் இடத்தில் களிம்பேறும். குமிழைப் பத்து முறை இப்படியும் அப்படியும் திருகினால் வெளிச்சம் விட்டுவிட்டு எட்டிப்பார்க்கும். செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, யாருக்கும் இதில் நம்பிக்கை வருவதில்லை.

"ஃபியூஸ் போயிருக்கலாமே?" என்பார்கள். போயிருக்கலாம்தான், ஆனால் கண்ணால் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காமல், டெஸ்ட் லேம்பை அதன் இரு முனையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். இரு முனையிலும் மின்சாரம் இல்லையென்றால் பழி மறுபடி டிம்மருக்கே. ஒரு முனையில் மட்டும் இருந்தால் ஃபியூஸ்தான். அங்கேயும் ஒரு மேதாவி வருவார்: சின்ன ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று இருபது ஆம்பியரைச் செருகுவார். மீட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய மெல்லிய செம்புத் தடம், ஃபியூஸின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக் கருகும்.