தயிர் நிரபராதி

காலையில் எழுந்ததும் ஒருவன் அடுக்குத் தும்மல் போட்டால், காரணம் சொல்ல எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மாவைக் கேட்டால் ராத்திரி சாப்பிட்ட தயிர் சாதம். மனைவியைக் கேட்டால் ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தது. எங்களோடு இருக்கும் மாமனாருக்குப் பக்கத்து வீட்டுப் பூனை. நான் ஆபீஸ் கிளம்பும்போது தும்மினால், அபசகுனம் என்று என்னை உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்வார். கிளம்புகிறவனே தும்முகிறவனும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. திருக்குறளில் வரும் கணவன் தும்மினால், எவள் நினைத்தாள் என்று மனைவி ஊடுவாள். என் மனைவிக்கு அந்தச் சந்தேகம்கூட வருவதில்லை. "சிட்ரிசின் போட்டாச்சா?" அதோடு சரி.

கடைசியில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனேன். முன்கையில் பேனாவால் வரிசையாக எண் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, சொட்டின் நடுவே ஊசி நுனியால் லேசாகக் குத்தினார். கரப்பான், பூனை, பூஞ்சை, பார்த்தீனிய மகரந்தம், வீட்டுத் தூசிப் பூச்சி. கால் மணி நேரம் சொறியக் கூடாது என்றார். சொன்ன மாத்திரத்தில் குத்தாத முதுகும் சேர்ந்து அரித்தது. பிறகு ஸ்கேலோடு வந்தார். பூனைக்கு நேரே ஒன்றுமே இல்லை. தூசிப் பூச்சிக்கு நேரே நாலணா அகலத்துக்குத் தடிப்பு. தயிருக்குப் பட்டியலிலேயே இடமில்லை.

இந்தப் பூச்சி கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் சாப்பாடு. தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்றில் அதற்கு என்ன குறை! தும்ம வைப்பது முக்கியமாக அதன் எச்சத்தில் இருக்கும் புரதம். வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் மூலம் என்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து வோர்ஹோர்ஸ்ட் குழு 1964இல் எழுதியது. குடியிருக்கப் பிடித்த இடம் மெத்தையும் தலையணையும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. என் தலையணை, கல்யாணச் சீராக மாமனார் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை.

"டாக்டர் என்ன சொன்னார் மாப்ளே?"

"தலையணைதான் காரணமாம், மாமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பூனையைச் சரியாப் பார்த்தாரா?" என்றார்.

மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று தலையணைக்காக வாதாடினார். பாதி உண்மை. நன்றாகக் காய்ந்தால் பூச்சி சாகும், எச்சம் அப்படியே இருக்கும். அதைத் தட்டித் தட்டி என் மூக்குக்கே அனுப்பினார். அம்மா தன் பங்குக்குச் சாம்பிராணி போட்டாள். புகைக்குப் பூச்சி அசையவில்லை, நான்தான் அறையைவிட்டு வெளியேறினேன். ஏற்கெனவே அலர்ஜியில் வீங்கிய மூக்குக்குச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் ஒரே எரிச்சல்தான்.

உருப்படியாகப் பலன் தந்தவை சுவாரஸ்யமில்லாதவை. தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை. விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது (வாஷிங் மெஷினில் அப்படி ஒரு பட்டன் இருப்பதே அன்றுதான் தெரிந்தது). பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது. டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயைத் தும்மல் வந்த அன்று மட்டும் அடிக்காமல் அவர் சொன்னபடி தினமும் அடிப்பது. தும்மல் அடியோடு நிற்கவில்லை, ஆனால் காலைக் காப்பியைச் சிந்தாமல் குடிக்க முடிகிறது. சீர்த் தலையணையை மாமனாரே தன் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை. அலர்ஜி என்பது பூச்சியை மட்டும் பொறுத்ததல்ல, உடம்பையும் பொறுத்தது.

நீங்களும் இந்தச் சோதனைக்குப் போவதாக இருந்தால், அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் கை தடிக்காமல் போகலாம், காசு மட்டும் குறையும்.