பங்குச் சந்தையில் படிக்காமலே பண்டிதர் ஆவது எப்படி?

உழவர்கரையில் இருந்துகொண்டு கல்லூரிக்குப் போய்வரும் தம்பி, டீமேட் கணக்கு தொடங்கியாயிற்றா? நல்லது. கம்பெனிகளைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரே வழி, அவற்றை ஆராய நீயே ஒரு கருவி செய்வதுதான். முறை இதோ.

படி 1: கூகுள் ஷீட்டைத் திற. பி.இ., ஆர்ஓசிஇ, கடன் விகிதம் என்று கட்டம் கட்டமாக நிரப்பு. ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. கலர் பார்ப்பதற்கே ஒரு செமஸ்டர் ஒதுக்கு. ஆண்டறிக்கைப் பக்கம் மட்டும் போய்விடாதே. ஆடிட்டர் எதற்கு முகம் சுளித்தார், புரமோட்டரின் உறவுக் கம்பெனிக்கு எவ்வளவு கடன் போனது என்றெல்லாம் அதில் இருக்கும். உன் ஷீட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

படி 2: என்எஸ்இ-யின் தினசரி விலைப்பட்டியலான பாவ்காப்பியை அப்படியே கொட்டு, பங்குப் பிரிப்பைச் சரிக்கட்டாதே. பத்து ரூபாய் முகமதிப்புப் பங்கை இரண்டு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தால், 1,000 ரூபாய் விலை 200-க்கு வரும். கையிலிருந்த ஒன்றும் ஐந்தாகும், யாருக்கும் நஷ்டமில்லை. உன் கருவி மட்டும் "80 சதவீதம் சரிவு, வாங்கு!" என்று கத்தும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடு.

படி 3: பேக்டெஸ்ட். இன்றைய நிஃப்டி 50 பங்குகளைப் பத்து வருடம் முன்பே வாங்கியதாகக் கணக்குப் போடு. 2020 மார்ச்சில் பட்டியலிலிருந்து தூக்கப்பட்ட யெஸ் பேங்க் கண்ணிலேயே படாது. பாஸானவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பள்ளிக்கும் நூறு சதவீதத் தேர்ச்சிதான்.

படி 4: தைரியம் வந்ததும் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கு. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் போனது என்று 2024-ல் செபி சொன்னது. சொல்லட்டும். அவர்களிடம் உன் ஷீட் இல்லையே!

படி 5: லாஸ்பேட்டை வழியாகப் போகும்போது பெயர்க்காரணம் விசாரிக்காதே. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் ழான் லா பெயரைச் சொல்வார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா, புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக் கம்பெனியை 1719-ல் தன் கம்பெனியோடு இணைத்தவர். அந்தக் கம்பெனியின் 500 லிவர் பங்கு 10,000 வரை ஏறியது; 1720-ல் கவிழ்ந்தது. அத்தனைக்கும் அவர் அப்போது பிரான்ஸின் நிதியமைச்சர்.

எச்சரிக்கை: ஒரு பங்கை ஏன் வாங்குகிறாய் என்று தேதி போட்டு நாலு வரி எழுதிவைத்துவிடாதே. அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால், பழிபோடச் சந்தையும் கிடைக்காது, கருவியும் கிடைக்காது.