போன காலம் திரும்பாது

இத்தலார் ஏற்றத்தில் லாரி நின்றால் கிளீனர் முதலில் தேடுவது முட்டுக்கல்லை. பச்சைத் தேயிலைக் கணக்குக்கு ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் செயலி எழுதிய தம்பிக்கு அந்த வழக்கம் இல்லை. "ஜாங்கோ இருக்குண்ணா, எந்த மைக்ரேஷனையும் திருப்பிடலாம்" என்று சொல்லி, டேட்டாபேஸில், நனைந்த இலைக்கு விவசாயியின் எடையில் பிடிக்கும் 'ஈரக் கழிவு' என்ற காலத்தை (column) தூக்கிவிட்டார். பேக்கப்? அதெல்லாம் பழைய ஆட்கள் எடுப்பது.

மழை பிடித்தது. பழைய கழிவுக் கணக்கை இலை ஏஜெண்ட் கேட்டார். தம்பி திருப்பினார். காலம் கச்சிதமாகத் திரும்பி வந்தது. வரிசை வரிசையாக 0, 0, 0.

ஜாங்கோ மேல் குற்றமில்லை. அது கொடுப்பது காலிச் சாக்கைத்தான், இலையை அல்ல. நாலு கிலோவுக்கு மேல் இலை அரைத்து ஒரு கிலோ தூள் எடுக்கும் ஃபேக்டரியிடம் தம்பி 'ரிவர்ஸ்' கேட்பாரா?

விவசாயிகள் மட்டும் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.