ஓசிக்காரன் எழுதும் விண்ணப்பம்

"இந்த ரோடு உங்களுடையதா?" என்று கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டும் மாண்புமிகு துறையின் சமூகத்துக்கு,

பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சாரக் கார்க்காரன் தங்கள் பொற்பாதம் பணிந்து எழுதிக்கொள்வது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தாங்கள் அருளிய பள்ளம் ஒன்றில் என் காரின் முன்சக்கரம் இறங்கி எழுந்தது. மழைத்தண்ணீர் மூடியிருந்ததால் பள்ளத்தின் முழு அழகையும் தரிசிக்க முடியவில்லை. ரிம்மில் 'டணார்' என்றொரு சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும், டயரில் காற்று இறங்குகிறது என்று திரையில் சிவப்பு விளக்கு. என் வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போதே ஒரு பஞ்சர் கிட்டைக் கையில் கொடுத்து வாழ்த்தி அனுப்பிவிட்டார்கள். எனவே மெல்ல உருட்டிக்கொண்டுபோய், வழியிலிருந்த பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்தில் நிறுத்தினேன்.

காற்றடிக்கும் தம்பி பிளேட்டைப் பார்த்தார். "கரண்டு வண்டியா சார்? பெட்ரோல் போடுறவங்களுக்குத்தான் காத்து."

பின்னால் ஒரு பெரியவர். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி, இரண்டு பக்கமும் பால் கேன். "அட, அடிச்சு விடுப்பா. ரோட்டுலயே நம்ம பெட்ரோல் காசுல ஓசியிலதான் போறாரு. காத்துல என்ன கொறைஞ்சிடப் போவுது? என் கணக்குல வச்சுக்க."

பங்கே சிரித்தது. பதினைந்து லட்ச ரூபாய்க் கார் ஒன்று, பால்காரர் கணக்கில் காற்று வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

அன்று முதல் நான் ஓசிக்காரன். கும்பெனி ஆட்சியில் கும்பெனிக் கடிதங்கள் தபால் தலை இல்லாமலே போகுமாம். அவற்றின் மேல் குத்திய 'ஓ.சி.' முத்திரையிலிருந்து வந்த சொல் இது என்பார்கள். அப்படியானால் அரசாங்கமே ஆரம்பித்து வைத்த பரம்பரை. அதில் அடியேன் கடைக்குட்டி.

பெரியவர் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாதா என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவமானம் கூடியதுதான் மிச்சம். தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை, 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியில் 100 சதவீத விலக்கு கொடுத்தது. அந்தச் சலுகைக் காலத்தில்தான் கார் வாங்கினேன். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள பெட்ரோல் காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம். என் காரின் விலைக்கு அது 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். மொத்தமும் ஓசி. பெரியவரின் வண்டிக்கு 10 சதவீதம். ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அது ஓசி இல்லை.

அதோடு அவரை விட்டார்களா? லிட்டருக்கு லிட்டர் மாநில வாட் வரி 13 சதவீதம், அதன் தலையில் 11 ரூபாய் 52 காசு. மத்திய வரிகள் தனி. அதற்குள் சாலைக்கென்றே ஒரு செஸ்: 2022 மே மாதம் குறைத்த பிறகு லிட்டருக்கு 5 ரூபாய். கேனில் பால் தளும்பத் தளும்ப அவர் விடியற்காலையில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு கட்டுகிறார். நானோ ராத்திரி வீட்டு வாசலில் பிளக்கைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறேன். வீட்டு மின்சாரத்தில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். ஓசிக்குள் ஓசி.

இன்னொன்றும் படித்துத் தொலைத்தேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில், புதிதாகப் போட்ட சாலைகளில் லாரிகளை ராப்பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. பாட்டரியும் நானுமாக என் வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல். அச்சுக்கு 800 கிலோ. பெரியவரும் வண்டியும் பாலுமாகச் சேர்ந்து அச்சுக்கு 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், நான் அவரைவிடப் பத்தாயிரம் மடங்கு சாலையைத் தேய்க்கிறேன். (இவ்வளவு சின்ன வண்டிக்கு இந்தக் கணக்கை இழுப்பதைப் பொறியாளர்கள் ஒப்ப மாட்டார்கள். மணல் லாரியின் முன்னால் நானும் ஒரு கொசுதான். ஆனால் பங்கில் சிரித்தது மணல் லாரி இல்லையே.)

ஆகவே கருணைக்கடலே, எங்களிடமும் வசூலியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கேரளத்தில் 2025 ஏப்ரலிலிருந்து மின்கார்களின் விலையைப் பார்த்து வரி போடுகிறார்கள். நியூசிலாந்தில் 2024 ஏப்ரல் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் மின்காரை வெளியே எடுக்க வேண்டும். எங்களுக்கும் அப்படியே எடையைப் பார்த்து, ஓடிய தூரத்தைப் பார்த்துப் போடுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றாலும் சம்மதம். ஒரேயொரு சலுகை மட்டும் வேண்டும்: பள்ளம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கழித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். என் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை முக்கால் கிலோமீட்டர். இந்தக் கடிதத்துக்காகவே நடந்துபோய் எண்ணினேன். முப்பத்தொன்று. சாக்கடை மூடி உள்வாங்கியதைச் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கில் மார்ச் மாதம் முடியும்போது தாங்கள்தான் எனக்குப் பாக்கி வைத்திருப்பீர்கள். பரவாயில்லை, தவணையில் தாருங்கள்.

கட்டுகிற காசு எங்கே போகும் என்று கேட்பது ஓசிக்காரனுக்கு அழகில்லை. ஆனாலும் கேட்கிறேன். 1929இல் வெள்ளைக்காரன் பெட்ரோல் கேலனுக்கு இரண்டணா சேர்த்து வாங்கிச் சாலை நிதி என்று தனியாக எடுத்து வைத்தான். அவன் போய்விட்டான், பழக்கத்தைத் தாங்கள் விடவில்லை. 2018இல் அந்த நிதியின் பெயரில் 'உள்கட்டமைப்பு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தீர்கள். இன்று சட்டத்தின் அட்டவணைப்படி அந்தக் காசு ரயிலுக்குப் போகலாம், நீர்வழிக்குப் போகலாம், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்கூடப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போவது நியாயம்தான். பள்ளத்தில் விழுந்தவர்கள் அங்கேதானே போகிறார்கள்.

ஒரு பையன் போனான். போன மழையில், எங்கள் தெருமுனையில், ஜல்லி பெயர்ந்த இடத்தில் வண்டி சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. அவன் அந்த வண்டிக்கு ஆயுட்கால வரி கட்டியிருந்தான். ஆயுட்காலம்! ஒவ்வொரு லிட்டருக்கும் செஸ் கட்டியிருந்தான். மறுநாள் இரண்டு செங்கல்லையும் ஒரு மரக்கிளையையும் அங்கே நட்டுவிட்டுப் போனீர்கள். கிளை காய்ந்துவிட்டது, பள்ளம் அப்படியே இருக்கிறது. அவன் கட்டிய காசையெல்லாம் என்னய்யா செய்தீர்கள்?

மன்னிக்கவும். ஓசிக்காரன் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. தங்கள் திருமுன் மீண்டும் குனிந்து நிற்கிறேன்.

ஓசியிலும் தராதரம் உண்டு என்பது டோல்கேட்டில் நிற்கும்போது தெரிகிறது. கட்டணம் கட்ட வேண்டாதவர்கள் என்று ஆளுயரப் பலகை ஒன்று வைத்திருக்கிறீர்கள். குடியரசுத் தலைவரில் தொடங்கி, ஆளுநர், நீதியரசர், எம்.பி., எம்.எல்.ஏ. என்று இறங்கி ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி வரை வருகிறது. ஃபாஸ்டாக் 'டிங்' என்று காசை உறிஞ்சும் நேரத்தில் அதை முழுசாகப் படித்துவிடுவேன். ஓசிக்காரன் என்று ஊரே சொல்லும் நான் அங்கே காசு கட்டுகிறேன். மகாராஷ்டிரத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து அடல் சேது பாலத்தில் மின்கார்களுக்குச் சுங்கத்தையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம். காற்றடிக்கிற இடத்தில் இன்னும் எத்தனை பேர் சிரிப்பதை நான் தாங்குவேன்?

ஆக, அடியேன் கேட்பது இவ்வளவுதான். என்னிடம் வாங்குங்கள், பெரியவரிடம் குறையுங்கள். வாங்கியதை, ஒரு மாறுதலுக்கு, ரோட்டில் போடுங்கள்.

நல்லெண்ணத்தின் அடையாளமாக, பெரியவர் எனக்காகச் செலவழித்த காற்றை ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமாக மதித்து, அதற்குண்டான சாலை செஸ் 5 ரூபாயை நாணயமாக உறைக்குள் வைத்திருக்கிறேன். எந்தச் சாலையின் எந்தப் பள்ளத்தில் வரவு வைத்தீர்கள் என்று ரசீதில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஓசிக்காரன்

பின்குறிப்பு: உறைக்குத் தபால் தலை ஒட்டவில்லை. எங்கள் குல வழக்கப்படி பேரிங்கில் அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் இரட்டைக் கட்டணம் கேட்பார். அடுத்த அலுவலகத்தைக் கை காட்டாமல் கட்டி வாங்கிக்கொள்ளவும்.