தொட்டி நாட்டாமை

துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையிலும் பக்கத்து பெல் ஆலையிலும் கொதிகலன் வேலையிலேயே காலம் கழிக்கிறவர்களில் ஒரு வகையினர் உண்டு. பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் கூடத்து மீன்தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு வழக்கு விசாரிப்பவர்கள். வரி போட்ட டைகர் பார்ப் இவர்களுக்கு ‘ரவுடிப்பய’. ஏஞ்சல் ‘வாயில்லா ஜீவன்’. மற்ற மீன்களுக்கு என்னவோ மைக் வைத்துக் கொடுத்திருப்பது போல! ஏஞ்சலின் துடுப்பு கிழிந்திருந்தால் சாட்சி தேவையில்லை. வரியைப் பார்த்தே தீர்ப்பு. தண்டனை, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு வாரத் தனிச்சிறை. இந்த நாட்டாமை நல்ல மனிதர்தான், அவருடைய சட்டம்தான் தப்பு. கணக்குப் போட வேண்டிய இடத்தில் குணத்தைத் தேடுகிறார். கலனில் அழுத்தம் ஏறினால் நீராவியைத் திட்டுகிற ஃபிட்டர் துவாக்குடியில் கிடையாது. கொள்ளளவு என்ன, சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்த அறிவு வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடுகிறது.

கணக்கு எளியதுதான். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டருக்கு மேல் கொள்ளாது. மணலும் கல்லும் போனால் இன்னும் குறைவு. அதில் ஏஞ்சல் ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, ஒரு ஃபைட்டர், ஒரு ரெட் டெயில் ஷார்க். எதையும் ஜோடியாக வாங்குவது மங்களம் என்ற நம் வழக்கம் டைகர் பார்ப்பிடம் செல்லாது. அது கூட்டமாக வாழும் இனம். ஏழெட்டு இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும். இரண்டே இருந்தால் அந்தத் துறுதுறுப்பு முழுவதும் ஏஞ்சலின் நீண்ட துடுப்பின் மேல் இறங்கும். ஷார்க்கோ ஒரு மூலையைத் தன் பெயரில் பத்திரம் பதிந்துகொள்ளும். ஆற்றில் தோற்ற மீன் ஓடிப் போய்விடும். 2 அடித் தொட்டியில் எங்கே ஓடும்? கண்ணாடி வரைதான். மீனின் கோபம் ஆளைப் பார்த்து வருவதில்லை என்பதற்கு, 1973இல் நோபல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் நிக்கோ டின்பெர்கனின் தொட்டிகளே சாட்சி. அவர் வளர்த்த ஆண் ஸ்டிக்கிள்பேக் மீன்கள், ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனால் அதன்மேல் பாயப் பார்த்தன. அந்த இனத்து ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். சிவப்பு தெரிந்தால் போட்டிக்காரன். தபால் துறை மீது அவற்றுக்குத் தனிப்பட்ட பகை ஒன்றுமில்லை.

“ரவுடியை எடுத்துட்டா தொட்டி அமைதியாயிடும்ல?” என்பார் நாட்டாமை. சில நாள் ஆகலாம். ஆனால் ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த பர்டோனி என்ற சிக்லிட் மீன்களில், ஆதிக்கம் செலுத்தும் ஆணை அகற்றிய சில நிமிடங்களிலேயே, அதுவரை மங்கலாக ஒதுங்கிக் கிடந்த இன்னொன்று பளிச்சென்று நிறம் ஏறி அந்தப் பதவிக்கு வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நாற்காலி இருக்கும்வரை ஆள் வருவான். அதைவிட, பாட்டில் கைதியைத் திரும்ப விடுமுன் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைப்பது மேல். பழைய எல்லைகள் கலைந்து எல்லாரும் புதுக்குடியாகிவிடுவார்கள். பிறவியிலேயே சண்டைக்காரர்கள் இல்லையா என்றால், உண்டு. சயாமில் பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்த வம்சம் நம் ஃபைட்டர்; கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலே செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதைக் கூட்டுக்குடித்தனத்துக்குக் கூட்டி வந்தது யார்? அது விலாசம் விசாரித்துக்கொண்டு வரவில்லை.

பெரிய தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. ஆனால் அதற்கு மீனைக் குறைத்தாலே போதும். குறைக்க மாட்டார்; வருகிற விருந்தாளிக்கு வகைவகையாகக் காட்ட வேண்டுமே. ஆகவே ரவுடிகள் நாடு கடத்தப்பட்ட மறுவாரமே, தொட்டி வெறிச்சென்று இருக்கிறது என்று கடைக்குப் போய், விரல் நீளத்தில் ஓர் ஆஸ்கார் குஞ்சைக் காட்டி, “இது சாதுதானே?” என்று கேட்பார். அது ஓரடி வரை வளரும், வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும். கடைக்காரரும் பொய் சொல்ல மாட்டார்: “இந்த சைசுல ரொம்ப சாது சார்.”