எல்லாம் நீதான் மச்சி!

ஏலே பேராண்டி, இப்படி வா. நெஞ்சை ஏன்லே வைக்கோல் திணிச்ச கன்னுக்குட்டி கணக்கா வச்சிருக்க? மூச்சை விடு, ஒருத்தரும் பாக்கல.

திங்கக்கிழமை உன்னைத் தேடி ஜிம்முக்கு வந்தேன்லா. பெஞ்சுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை! விசாரிச்சா, திங்கக்கிழமைன்னா ஊரு உலகத்துக்கே 'செஸ்ட் டே'யாம். அமாவாசை, கிருத்திகைக்கு அடுத்து இது ஒரு விசேஷம் போல.

நீ படுத்த. கம்பியே 20 கிலோ. பக்கத்துக்கு 30 மாட்டுன. ஆக 80. கம்பி நெஞ்சுல விழுந்து பந்தா எகிறுது. இடுப்பு பெஞ்சை விட்டு ஒரு சாண் மேல நிக்குது. தலைமாட்டுல நின்ன கூட்டாளி கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே, 'எல்லாம் நீதான் மச்சி'ன்னு கத்துதான். ஏலே, தூக்குனது அவன். வளந்தா யாருக்கு வளரும்?

நெஞ்சு ஒரு சோம்பேறி மருமகன். தோளும் கையும் வேலை பாத்தா, நைசா ஒதுங்கிக்கிடுவான். அவனை மடக்கணும். தோள்பட்டை ரெண்டையும் பின்னால இறுக்கிப் பெஞ்சோட ஒட்ட வை. முழங்கையைச் சேவல் சிறகு மாதிரி விரிக்காத. பாதி சாய்ச்சு வை. மூணு எண்ணுத வரைக்கும் பைய இறக்கு. இறக்குததுலயும் வேலை இருக்கு. மேல்நெஞ்சு வேணுமா? பெஞ்சை 30 பாகை நிமித்து. ரொம்ப நிமித்துனா தோளு பங்கு கேட்டு வந்துரும்.

நாங்க தண்டால் எடுக்கையில, நெஞ்சு மண்ணுக்கு நாலு விரக்கடை வரைக்கும் இறங்கலைன்னா வாத்தியார் எண்ணவே மாட்டாரு. உன் கணக்கை யாரு எண்ணுதா? செல்போனா?

மனோகர் ஐச்னு ஒரு வங்காளத்துக்காரரு. உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரன் பிடிச்சு ஜெயில்ல போட்டான். அங்கன கேபிளா இருந்துச்சு, கண்ணாடியா இருந்துச்சு? உள்ள கிடந்தே உடம்பை வளத்தாரு. 1952-ல மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனாரு. 104 வயசு வரைக்கும் இருந்தாரு.

நெஞ்சுக்குத் தள்ளுத அளவுக்கு முதுகுக்கு இழுக்கவும் செய்யி. நாங்க கிணத்துல வாளி இழுத்தோம். முதுகு தானா வளந்துச்சு. நீ தள்ளிக்கிட்டே இருந்தா தோள் முன்னால சுருண்டு, முப்பது வயசுல எனக்கு அண்ணன் மாதிரி நிப்ப.

ரெண்டு நாள் ஓய்வும் குடு. சதை தூக்கையில வளராது, தூங்கையிலதான் வளரும். அது சரி. அதுக்காக, நேத்து 45 கிலோ யூரியா மூட்டையை வண்டியிலருந்து இறக்குலேன்னா, 'இன்னைக்கு ரெஸ்ட் டே தாத்தா'ங்க!

பிறகென்ன, உங்க ஆச்சிதான் மறுபக்கம் பிடிச்சா. கத்தவும் இல்ல, இடுப்பை எக்கவும் இல்ல. நான்தான் வாய் சும்மா இருக்காம, 'எல்லாம் நீதான்டி'ன்னுட்டேன். முறைச்சா பாரு ஒரு முறை!