வலக்கண்ணுக்குத் திருவாரூர்

என் வீட்டுக்காரர் குழித்தறியில் உட்கார்ந்து முப்பது வருஷம். காஞ்சிபுரத்தில் பேர்பெற்ற கோர்வைச் சேலைதான் நெய்வார். ஆறு மாதமாக அறுந்த இழையைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவுகிறார். கண் டாக்டர் பேச்சை எடுத்தால், "சுந்தரருக்கே பார்வை வந்த ஊரு இது. ஏகாம்பரநாதர் பாத்துப்பார்" என்பார்.

"அவர் இங்க கொடுத்தது இடக்கண்ணுங்க. வலக்கண்ணுக்குச் சுந்தரர் திருவாரூர் வரைக்கும் போனாரு. உங்களுக்கு மங்குறது வலக்கண்ணு. திருவாரூர் பஸ்ஸா, ஆஸ்பத்திரி டோக்கனா?" என்றேன். சட்டையை மாட்டினார்.

டோக்கன் 17. சுவரில் எரிந்த சிவப்பு எண் அவருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த அம்மாளின் சேலை மட்டும் தெரிந்தது. "பவர்லூம். ஜரிகையும் டூப்ளிகேட்" என்று ரகசியம் சொன்னார். அந்த அம்மாளுக்கே கேட்கிற ரகசியம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார், இவளுக்குத்தான் மனசு கேக்கல" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். முன்னால் போனவர் படித்ததைக் கதவோரம் நின்று மனப்பாடம் செய்திருக்கிறார். டாக்டர் பலகையை மாற்றினார். முதல் எழுத்தோடு நின்றது.

கண்புரை. "முகூர்த்தச் சேலை முடியட்டும்" என்கிறார் இவர். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.